ஸ்டூல் அப்டேட்: மூணு மூட்டு ஓகே, ஒண்ணு சொதப்பல்

போன மாசம் ஆரம்பிச்ச ஸ்டூல் ஒருவழியா நிக்குது. இரும்பாணி, ஸ்க்ரூ, ஃபெவிகால் எதுவும் கிடையாது, அந்தக்கால ஆசாரிங்க மாதிரி கழுந்தும் (துளைக்குள்ள சொருகுற மர நாக்கு) மூங்கில் முளையும் (ஆணிக்குப் பதிலா அடிக்கிற மூங்கில் குச்சி) மட்டும்தான்னு வீம்பா இறங்கியாச்சு.

மரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்குனது, இடிச்ச வீட்டு ஜன்னல் சட்டம், பர்மா தேக்குன்னு கடைக்காரர் சொன்னார். செட்டிநாட்டு வீடுங்களுக்கு பர்மாவுல இருந்து நிறைய தேக்கு வந்துச்சுங்கறது உண்மைதான், இதுவும் அதானான்னு மரத்துக்குத்தான் தெரியும். இழைப்புளி போட்டதும் மேல இருந்த கறுப்பு போயி தேன் கலர் வந்துச்சு பாருங்க, அப்படியே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். உள்ள ஒடஞ்சு கெடந்த பழைய ஆணி ஒண்ணு அலகுல பல்லு விழ வச்சிருச்சு, அது தனி சோகம்.

சட்டம் 36 மிமீ, அதுல மூணுல ஒரு பங்கு, 12 மிமீ கழுந்து. கழுந்து போற துளைய கால்ல உளியும் கொட்டாப்புளியும் (மரச்சுத்தி) வச்சு பொளிச்சேன், ஒண்ணுக்கு ஒன்றரை மணி நேரம். ஆனா மேட்டரே முளையிலதான் இருக்கு. கால்ல குறுக்கால முளைக்கு ஓட்டை போட்டுட்டு, கழுந்த உள்ள சொருகி துரப்பணம் (ட்ரில்) முனையால ஒரு புள்ளி வச்சு, வெளிய எடுத்து அந்தப் புள்ளிக்கு 1.5 மிமீ தள்ளி, கழுந்தோட அடிப்பக்கமா ஓட்டை போடணும். அப்ப ரெண்டு ஓட்டையும் நேரா இருக்காது, கூரா சீவுன முளை வளைஞ்சு உள்ள போகும்போது மூட்டை தானா இழுத்து இறுக்கிடும். பசையே வேணாம்.

மூணாவது மூட்டுல நான் நுனிப்பக்கமா தள்ளிட்டேன். அடிக்க அடிக்க இடைவெளி பெருசாகுது, எனக்கு புரியவே இல்ல. தெருக்கோடி ஆசாரி தாத்தா வந்து பாத்துட்டு, "எதிர்ப்பக்கம் போட்டா தள்ளத்தானே செய்யும் தம்பி"ன்னு சிரிச்சாரு. முளைய துரப்பணத்தாலயே குடைஞ்சு எடுத்து, தேக்குத் துண்டு சீவி வஜ்ரம் (மாட்டுத்தோல், எலும்புல காய்ச்சுற பழைய காலத்துப் பசை) தடவி அந்தத் தப்பு ஓட்டைய அடைச்சு, மறுநாள் சரியான பக்கம் போட்டேன். வஜ்ரம் பழைய சரக்குதானே, அதனால ரூல் உடையலன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். நேரா அடுப்புல வைக்காம வெந்நி பாத்திரத்துக்குள்ள வச்சுத்தான் உருக்கணும், கொதிச்சா பிடிப்பு போயிரும். நாத்தம் தாங்கல, வீட்டுல செம திட்டு.

முளைக்கு மூங்கில அறுக்காம பொளந்து எடுக்கணும், அப்பதான் நார் முழு நீளத்துக்கும் ஓடும், அடிக்கும்போது ஒடியாது.

மேல்பலகை இன்னும் போடல. ஒரு கால் வேற லேசா ஆடுது, இப்போதைக்கு பேப்பர மடிச்சு வச்சிருக்கேன்.