அடுத்த சுழற்சி வரை

"ஒரு வகுப்புக்கு நல்லது என்று தெரிந்துவிட்டது. பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கிடையாது, சார்?" ஆசிரியர் கூட்டத்தில் சக ஆசிரியை ஒருவர் கேட்டார். "அடுத்த சுழற்சி முடியட்டும், டீச்சர்" என்றேன். கற்பிக்கும் முறையில் ஒரு மாற்றத்தை ஒரு பிரிவில் சோதித்து, பலனைப் பார்த்துத் திருத்தி, மீண்டும் சோதிப்பதைத்தான் சுழற்சி என்கிறோம். அந்தப் பதில் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

மாற்றம் மிகச் சிறியது. கணக்கு வகுப்பு முடியும்போது ஒரே ஒரு கேள்வி. விடையைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் பாடம் அந்தத் தவறுகளிலிருந்து தொடங்கும். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பழக்கம், சோதித்துப் பார்த்த ஒரு பிரிவில் கண்ணெதிரே குறைந்தது. உடனே எல்லாப் பிரிவுகளுக்கும் வேண்டும் என்றார்கள்.

நான் தயங்கக் காரணம் இருந்தது. அந்தப் பிரிவின் ஆசிரியர் தாமாக முன்வந்தவர். சீட்டுகளை அன்றன்றே பார்த்துவிடுவார். அடுத்து முயன்ற பிரிவில் அதே சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக மேசை இழுப்பறையில் கிடந்தன. பாடவேளைகளுக்கு நடுவே மூச்சுவிட நேரமில்லாதவர் அவற்றை எப்போது படிப்பார்? மதிப்பெண் வேண்டாம், சரி, பாதி சரி, தவறு என்று மூன்றாகப் பிரித்தால் போதும் என்று மாற்றிய பிறகே அங்கும் பலன் தெரிந்தது. முதல் வடிவத்தையே எல்லோருக்கும் அனுப்பியிருந்தால், இன்னொரு சுற்றறிக்கை என்று கையெழுத்திட்டு ஒதுக்கியிருப்பார்கள்.

இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த ஆசிரியை கேட்டதற்கு இது பதிலாகாது. திட்டமிடு, செய், ஆராய், செயல்படு என்ற இந்தச் சுழற்சியின் வேர் தொழிற்சாலையில் இருக்கிறது. அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டு வல்லுநர் வால்ட்டர் ஷூவார்ட் 1939இல் எழுதியதும், அதே துறையின் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் கற்பித்ததும் உற்பத்திப் பொருளின் தரத்தைப் பற்றித்தான். காத்திருக்கும் உதிரிபாகத்துக்கு வயதாவதில்லை. எங்கள் இரண்டாம் சுழற்சி முடிவதற்குள் அந்த ஆசிரியையின் வகுப்பு பின்னத்தை முடித்துவிட்டு விகிதத்துக்குப் போய்விட்டது.

அவருடைய பிரிவையே முதலில் எடுத்திருக்கலாம் என்று தோன்றும். எடுத்திருந்தால் வேறொருவர் அதே கேள்வியோடு எழுந்திருப்பார். இப்போதெல்லாம் எதைச் சோதித்தாலும் மிகவும் பின்தங்கிய பிரிவில் தொடங்குவோம் என்று வாதாடுகிறேன். அதிலும் நிம்மதி இல்லை. இன்னும் சரியாக அமையாத முதல் வடிவத்தைத் தாங்க வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள்தானே?