பதினான்கு மில்லிமீட்டர்

ஆகஸ்ட் 25, 2024, ஞாயிறு

நேற்று மாலை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது வண்டி பாதியில் நின்றுவிட்டது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் உட்கார்ந்துவிட்டது.

பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடி போகும் தார்ச்சாலையை விட்டு எங்கள் காப்பித் தோட்டத்துக்கு இறங்குவது இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. டிராக்டரும் ஜீப்பும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் ஆழமாகிவிட்டது. நடுவில் பன்றி முதுகு மாதிரி ஒரு மேடு. நான்கு மணிக்குப் பெய்த மழையில் செம்மண் வெண்ணெயாகிக் கிடந்தது. நான்கு சக்கர இழுவையைப் போட்டேன், லோ கியரும் போட்டேன். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. இறங்கிக் குனிந்து பார்த்தால் பின்னச்சின் கிரௌன் உருண்டை, அதாவது அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடித் தொங்கும் கூடு, மேட்டில் பதிந்து கிடக்கிறது. டயரின் பள்ளங்களில் மண் அப்பி மொட்டை டயர் போல வழவழவென்று இருந்தது.

மேல்தோட்டத்து அண்ணன் தன் ஜீப்பில் வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டார். எண்பதுகளில் வந்த மகிந்திரா ஜீப், பின்னால் ஆறு மூட்டை உரம் வேறு. "தம்பி, வண்டி பெரிதுதான், கால்தான் குட்டை" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு முழுக்க அந்தச் சொல் குடைந்துகொண்டே இருந்தது. பெரிய டயர் போட்டுவிடுவது என்று காலையில் முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

வண்டி 2017-இல் வாங்கிய இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். கூடவே வந்த டயர் 245/70 ஆர் 16. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரிடம் பாதி ஏமாற்றம் குறையும். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எழுபது சதவீதம்; அதாவது 171.5 மில்லிமீட்டர். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர், நடுவில் ரிம்மின் 406.4, கூட்டினால் டயரின் முழு உயரம் 749 மில்லிமீட்டர் வருகிறது.

மைத்துனன் கோயம்புத்தூரிலிருந்து போனில் 265/75 போடச் சொல்கிறான். கணக்குப் போட்டால் 804 மில்லிமீட்டர். பார்க்க யானைக்கால் மாதிரி கம்பீரமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைப் போட்டால் முன்சக்கரம் ஒடிக்கும்போது மட்கார்டில் இடிக்கும்; இடிக்காமலிருக்க ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டும்; ஸ்பிரிங்கை உயர்த்தினால் அச்சுத் தண்டின் கோணம் மாறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. காப்பீடு கேட்டுப் போய் நிற்கிற அன்று யார் வாதாடுவது?

265/70 போட்டால் 777. பழையதைவிட 28 மில்லிமீட்டர் அதிகம். இதே வண்டியின் வேறு ரகத்துக்கு இசுஸுவே 18 அங்குல ரிம்மில் 255/60 போட்டுத் தருகிறது, அது 763. எனவே 777 என்பது எல்லை மீறிய ஆசையாகத் தோன்றவில்லை. ரிம்மின் உட்புறம் 16x7ஜே என்று பொறித்திருக்கிறது. 265 அகல டயருக்கு ஏழு அங்குல ரிம் குறைந்தபட்ச அளவு. பொருந்தும், ஆனால் பக்கம் கொஞ்சம் பிதுங்கும்.

ஒன்றை மட்டும் இன்று எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு என்னையே நான் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. டயர் 28 மில்லிமீட்டர் வளர்ந்தால் கிரௌன் உருண்டை தரையிலிருந்து உயர்வது அதில் பாதிதான். பதினான்கு மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்.

செப்டம்பர் 2, திங்கள்

திண்டுக்கல்லில் மூன்று கடை ஏறி இறங்கினேன். நெடுஞ்சாலைக்கான எச்.டி., எல்லாத் தரைக்கும் ஏ.டி., சேற்றுக்கே உரிய எம்.டி. என்று மூன்று வகை சொல்கிறார்கள். என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் தார்ச்சாலை, அதனால் ஏ.டி. போதும். எம்.டி. போட்டால் வத்தலக்குண்டு வரைக்கும் மாவு மில் சத்தத்தோடு போக வேண்டும்.

ஒரு கடையில் "நான்கு போதும் சார், ஸ்டெப்னி புதிதாகத்தானே இருக்கிறது" என்றார்கள். ஏழு வருடம் வண்டிக்கு அடியில் தொங்கிய ரப்பரைப் புதிது என்று எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்த வண்டியில் நான்கு சக்கர இழுவை போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும்; நடுவில் வித்தியாசத்தை விழுங்க எந்தப் பாகமும் கிடையாது. நான்கு சக்கரம் 777, ஒன்று மட்டும் 749 என்றால் இறுக்கம் முழுவதும் கியர்ப் பெட்டிக்குப் போகும். ஐந்தாகவே வாங்குவேன் என்றதும் அவருக்கு என் மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

டயர் வந்தது. ஐந்துக்கும் சேர்த்து எழுபதாயிரத்தை ஒட்டி. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தை ஐந்திலும் தேடிப் பார்த்தேன்: 2624. 2024-இன் 26-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு டயரில் மட்டும் 4522 இருந்தது. சத்தம் போடாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான் பார்க்காவிட்டால் சத்தம் போடாமல் மாட்டியும் இருப்பார்கள்.

மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரிம்மின் விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, இயந்திரத்தின் இரும்பு மூக்கு டயரின் உதட்டை ஒரு சுற்றில் உள்ளே தள்ளிவிடுகிறது. காற்று ஏற ஏற டயர் மெல்ல விரிகிறது. ஒரு கட்டத்தில் 'டப்' என்று ஒரு பக்கமும், மூச்சு விடும் நேரம் கழித்து இன்னொரு 'டப்' என மறுபக்கமும் ரிம்மில் போய் உட்காருகின்றன. அந்த இரண்டாவது சத்தம் வரும்வரை கடைப் பையன் முகத்தைத் தள்ளியே வைத்திருந்தான். பிறகு பேலன்ஸிங், சக்கரம் ஆட்டமில்லாமல் சுற்ற எடை சரிசெய்வது. அதற்காக ஒட்டுகிற துண்டு இப்போது இரும்போ துத்தநாகமோ, ஆனால் எல்லோரும் இன்னும் "ஈயம்" என்றுதான் சொல்கிறார்கள்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கித் தள்ளிவிட்டார்கள். சொன்னேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தளர்த்திக் கையால் முடுக்கினேன். ஒன்றைக் கழற்ற வீல் ஸ்பேனர் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. நடுக்காட்டில் பஞ்சர் ஆகி மழையில் நிற்கும் ஒருவனை அந்தப் பையன் நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

காப்பி மூட்டை நிறுக்கும் தராசில் புது ஸ்டெப்னியை ஏற்றினேன். 31 கிலோ. போவதற்கு முன் பழையதை நிறுத்தபோது 26. சக்கரத்துக்கு ஐந்து கிலோ.

செப்டம்பர் 10, செவ்வாய்

நேராகப் போனால் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்து வாசலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பின்னால் எடுத்தபோது 'சர்ர்' என்று ஒரு உரசல். எங்கே என்று தெரியவில்லை. சக்கரக் கூண்டுக்குள் எல்லாம் கறுப்பு.

வத்தலக்குண்டு மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, இரண்டு முன்சக்கரக் கூண்டுகளின் உட்புறமும் வெள்ளையடிக்கச் சொன்னார். "காய்ந்ததும் இடமும் வலமும் ஒடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள் தம்பி. எங்கே வெள்ளை போயிருக்கிறதோ அங்கேதான் திருடன்." அதோடு விடவில்லை. பின்சக்கரம் ஒன்றைக் கருங்கல் குவியல் மேல் ஏற்றி, எதிர்மூலை முன்சக்கரம் கூண்டுக்குள் அமுங்கும்படி செய்து, அப்போதும் ஒடித்துப் பார்த்தார். சமதளத்தில் தொடாத டயர் பள்ளத்தில் தொடுமாம்.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் வெள்ளை போயிருந்தது: கூண்டின் பின்மூலை, மட்கார்டு ரப்பர் தொங்கும் இடம். அகலத்தில் உள்ளங்கை அளவு. ரப்பரின் மூலையை ரம்பப் பிளேடால் அறுத்தெடுத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடுகாட்டி இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளினார். தகரத்தைத் தொடவில்லை. கூலி இருநூறு ரூபாய். எழுபதாயிரம் ரூபாய் டயரைவிட இந்தச் சுண்ணாம்புதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. நட்டுகளை மறுபடி சோதித்தேன், இரண்டு நட்டுகள் மட்டும் கால் சுற்று ஏறின.

திண்டுக்கல் சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போனேன். இருபது கல் கடந்தபோது மீட்டர் 19.3 காட்டியது. டயர் பெரிதானதால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. வேகமுள் முன்பு 60 காட்டினால் போனில் 57 இருக்கும், இப்போது 59. முள் கிட்டத்தட்ட உண்மை பேச ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

முழுத் தொட்டியிலிருந்து முழுத் தொட்டி வரை இரண்டு முறை டீசல் கணக்குப் பார்த்தாகிவிட்டது. முன்பு லிட்டருக்கு 11.4. இப்போது மீட்டரை நம்பினால் 10.4. ஒரு கிலோமீட்டர் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. பிறகுதான் உறைத்தது, மீட்டரே குறைத்துச் சொல்கிறது. 777-ஐ 749-ஆல் வகுத்தால் வரும் 1.037-ஆல் பெருக்கினால் 10.8. பெரிய டயர் போட்டு மைலேஜ் போச்சு என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பெருக்கலைச் செய்திருக்க மாட்டார்கள்.

போனது வேறு இடத்தில். சித்தரேவு தாண்டி மலை ஏறும்போது இரண்டாவது கியரில் முனகாமல் எடுத்த கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது முதல் கியர் கேட்கிறது. ஒவ்வொரு கியரும் நாலு சதவீதம் நீண்டுவிட்டது, சக்கரமும் கனமாகிவிட்டது. இறக்கத்தில் பிரேக்கை ஒரு நொடி முன்னதாகவே மிதிக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. கால் தானாகக் கற்றுக்கொண்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

மூன்று நாளாக மழை. காலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், அதே இடம், அதே மேடு. சுண்டுவிரல் அகலத்தை நம்பி ஏறினேன். பாதியில் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். ஆகஸ்டில் அங்கேதான் தப்பு செய்திருந்தேன். மிதிக்க மிதிக்கத் தோண்டிக்கொண்டு இறங்கியது.

இறங்கி நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கினேன், 35 பாயிண்டிலிருந்து 20 வரை. டயர் கொஞ்சம் தொப்பை போட்டது. தரையில் பதியும் தடத்தைக் குச்சியால் அளந்தேன், நீளம் கூடியிருந்தது. லோ கியர், இரண்டாவது, மிதிக்காமல் கிளட்சை மட்டும் விட்டேன். டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்கள் மண்ணை உதறி உதறி, ஆமை வேகத்தில், வண்டி மேலே ஏறிவிட்டது. கிரௌன் உருண்டை மேட்டை வழித்துக்கொண்டுதான் வந்தது; மேலே போய்ப் பார்த்தபோது அதன் மேல் புதுச் செம்மண் பூசியிருந்தது.

தார்ச்சாலைக்கு வந்ததும் சிகரெட் லைட்டரில் செருகும் சின்னக் கம்ப்ரசரால் காற்றடித்தேன். நான்குக்கும் முக்கால் மணி நேரம். இருபது பாயிண்டோடு கொண்டை ஊசியில் இறங்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும், அந்த அவசரம் கூடாது.

உட்கார்ந்து யோசித்தால், என்னை ஏற்றிவிட்டதில் உயரத்தின் பங்கு சொற்பம். பட்டனும் காற்றும்தான். அண்ணனின் ஜீப்பில் இருப்பது 6.00-16, என் பழைய டயரைவிடவே உயரம் குறைவு. ஆனால் ஒல்லியான பட்டன் டயர், எடையும் குறைவு. என் வண்டிக்கு முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல். ஜீப்புக்கு அதில் முக்கால் பங்குக்கு மேல் இராது. மேட்டின் மேல் வயிறு தட்ட அதற்கு வயிறே இல்லை. குட்டைக் கால் என்று சொன்னவர் ஓட்டுவதுதான் குட்டைக் கால் வண்டி. இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

அம்மா நேற்று வழக்கம்போல ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "எழுபதாயிரம் கொடுத்து வண்டியைத் தூக்கினாயே, இரண்டு ஆளுக்குக் கூலி கொடுத்து மேட்டை இறக்கியிருக்கலாமே?"

இன்று இரண்டு ஆள், நானும் கூட. மண்வெட்டியும் கடப்பாரையும். நடுமேட்டை நூறு அடி நீளத்துக்குச் சீவி, அந்த மண்ணையும் உடைகல்லையும் தடப் பள்ளங்களில் போட்டு மிதித்தோம். தண்ணீர் ஓடக் குறுக்கே இரண்டு சால் வெட்டினோம். மாலையில் அளந்தேன்: மேடு ஆறு அங்குலம் இறங்கியிருக்கிறது. மில்லிமீட்டரில் எழுத மனம் வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த மைத்துனன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "75 போட்டிருக்கலாம் மாமா, இன்னும் கெத்தாக இருந்திருக்கும்" என்றான். சாவியைக் கொடுத்துத் தாண்டிக்குடி வரைக்கும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து, ஏற்றத்தில் வண்டி கனமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

பட்டன்களுக்கு இடையில் சிக்கிய கற்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். ஒரு சக்கரத்தில் மட்டும் பதினேழு. அடுத்த மாதம் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்ற வேண்டும். பழைய டயரில் இரண்டை ஒரு டிரெய்லர்க்காரர் எடுத்துக்கொண்டார். மீதி மூன்று கொட்டகை ஓரத்தில் கிடந்தன. மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும் என்று அம்மா துளை போடச் சொல்லியிருக்கிறாள். துளைபோடும் இயந்திரத்தை இரவல் கேட்க மேல்தோட்டத்துக்குப் போக வேண்டும்.