டோபிக் 2: ‘கொண்டிருக்கிறேன்’ வகை இலக்கணத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக் 2-இன் வாசிப்புத் தாளில் முதல் நான்கு கேள்விகளும் நேரடி இலக்கணம். மொத்தம் 50 கேள்வி, 70 நிமிடம். இந்த நான்கையும் சட்டென்று முடித்தால்தான் பின்னால் வரும் நீளமான பத்திகளுக்கு நேரம் மிஞ்சும். தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ நடப்பதைச் சொல்லும் கொரிய வினை வடிவங்களைத் தமிழை வைத்தே பிடித்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் தமிழே காலை வாரும்.

வினையோடு ‘கோ இத்தா’ சேர்ந்தால் செயல் நடந்துகொண்டிருக்கிறது. ‘ஆ/ஓ இத்தா’ என்றால் செயல் முடிந்து அந்த நிலை நீடிக்கிறது. நாம் பேச்சில் ‘உக்காந்துட்டிருக்கான்’ என்று சொல்லிப் பழகியதால் ‘அன்கோ இத்தா’ என்று எழுதத் தோன்றும். அது இப்போதுதான் உட்காரும் அசைவைக் குறிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு ‘அன்ஜா இத்தா’தான். எழுத்துத் தமிழின் ‘உட்கார்ந்திருக்கிறான்’ இங்கே கைகொடுக்கும்.

அடுத்தது இதற்கு நேர்மாறு. ‘கண்ணாடி போட்டிருக்கிறார்’ என்பதில் ‘இருக்கிறார்’ வருகிறதே என்று ‘ஓ இத்தா’வுக்குப் போகக் கூடாது. அந்த வடிவம் செயப்படுபொருள் ஏற்காத வினைக்கு மட்டும். உடுத்துவது, அணிவது எல்லாம் ‘கோ இத்தா’: ‘ஆன்க்யோங்குல் ஸ்ஸுகோ இத்தா’. கண்ணாடியை மாட்டிக்கொண்டிருக்கிறாரா, மாட்டி முடித்தாரா என்பதைச் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் பகுதியில் படத்தைப் பார்த்து விடை தேர்வு செய்யும்போது இது நினைவிருக்கட்டும்.

‘ஓ ஓதா’ சுலபம். ‘கற்பித்து வந்திருக்கிறார்’ என்பதில் உள்ள ‘வா’தான் அது: ‘காருச்யோ வாத்தா’. எழுதும் பகுதி 53ஆம் கேள்வியில் வரைபடத்தை 200 முதல் 300 எழுத்துக்குள் விவரிக்கும்போது ‘ஜுங்காஹே வாத்தா’ (அதிகரித்து வந்திருக்கிறது) நன்றாகப் பொருந்தும்.

அவ்வப்போது செய்யும் வழக்கத்துக்கு ‘கோன் ஹாதா’. இறந்தகாலம் கடைசியில்தான் ஏறும்: ‘காகோன் ஹேத்தா’, போவது வழக்கமாக இருந்தது. ‘கோன்’ சேரும் வினையை இறந்தகாலமாக்கிய விடையைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு தவறென்று அடித்துவிடலாம். ஒரே ஒரு தடவை நடந்ததற்கும் இது ஆகாது.

அப்புறம் ‘ஓ தேதா’. ‘உரோ தேதா’ என்றால் குழந்தை சும்மா அழவில்லை, ஓயாமல் அழுது உயிரை வாங்குகிறது! இதில் சொல்பவரின் எரிச்சல் கலந்திருப்பதால், 54ஆம் கேள்விக் கட்டுரையில் இதைத் தவிர்ப்பது நல்லது.