அப்பாவோட கம்ப்யூட்டருக்கு எந்த டீஃப்ராக் சாஃப்ட்வேர்?

போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பா கம்ப்யூட்டர்ல தங்கச்சி கல்யாண வீடியோவப் போட்டா நின்னு நின்னு ஓடுது, சிபியூக்குள்ள இருந்து கரக் கரக்னு சத்தம் வேற. அப்பா நெட்ல தேடி ஏதோ ஒரு ஃப்ரீ டீஃப்ராக் சாஃப்ட்வேர் (டிஸ்க்ல சிதறிக் கெடக்கிற ஃபைல் துண்டுகள ஒண்ணா சேக்கறது) போட்டிருந்தாரு, கூடவே கேக்காத டூல்பார் ஒண்ணும், எரர் இருக்கு காசு கட்டுன்னு மிரட்டுற புரோகிராம் ஒண்ணும் ஏறியிருந்துச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு, வயசானவங்க இதெல்லாம் பாத்தா பயந்துற மாட்டாங்களா? மூணையும் தூக்கிட்டேன்.

விண்டோஸ்லயே டீஃப்ராக் இருக்குங்க. ஸ்டார்ட்ல டீஃப்ராக்னு அடிச்சா டிரைவ் லிஸ்ட் வரும், அதுல மொதல்ல மீடியா டைப் பாருங்க. ஹார்ட் டிஸ்க்னா உள்ள தட்டு சுத்துது, ஹெட் நகந்து நகந்து படிக்குது, ஒரு ஃபைல் நூறு இடத்துல சிதறிக் கெடந்தா நூறு தடவ ஓடணும், அந்த கரக் கரக் அதான். எஸ்எஸ்டின்னா தட்டுக்குப் பதிலா சிப்புல எழுதி வைக்கிற டிரைவ், ஹெட்டே கிடையாது, அதுல வெளி சாஃப்ட்வேர வச்சு டீஃப்ராக் பண்ணாதீங்க, திரும்பத் திரும்ப எழுதி ஆயுசுதான் தேயும். விண்டோஸ் 8ல இருந்து, டீஃப்ராக் பண்ற அதே ஆப்டிமைஸ் பட்டன் எஸ்எஸ்டின்னு தெரிஞ்சா ட்ரிம் வேலையப் (அழிச்ச ஃபைலோட இடம் இனி தேவையில்லன்னு டிரைவுக்குச் சொல்றது) பாத்துக்கும்.

அப்பாவோடது ஹார்ட் டிஸ்க்தான். லாஸ்ட் ரன்ல பாத்தா நெவர் ரன்! வாரா வாரம் தானா ஓட வேண்டியது, ஆனா கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதுதான் ஓடும், அப்பா மெயில் பாத்த கையோட ஆஃப் பண்ணிருவாரு, அப்புறம் எப்ப ஓடும்?

உடனே ஆப்டிமைஸ் அமுக்கல. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு டிஸ்க் நல்லாருக்கான்னு பாத்தேன், குட்னு நீலத்துல காட்டுச்சு. மஞ்சள்ல காஷன்னு வந்தா டீஃப்ராக் பக்கமே போகாதீங்க, மொதல்ல போட்டோ வீடியோ எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, சாகப்போற டிஸ்க்க ராத்திரி பூரா ஓட்டுனா உள்ளதும் போயிரும். அப்புறம் டிஸ்க் ரொம்ப நெறஞ்சிருந்தா ஃபைல நகத்த இடமே இருக்காது, அதனால பழைய டவுன்லோட எல்லாம் அழிச்சு இடம் பண்ணேன்.

டீஃப்ராக்ளர்ங்கற வெளி சாஃப்ட்வேர் மட்டும் தனியா போட்டேன், ஏன்னா அதுல ஒரே ஒரு ஃபைல மட்டும் எடுத்துச் சேக்கலாம். கல்யாண வீடியோ ஆயிரத்துச் சொச்சம் துண்டா கெடந்துச்சு, அத மட்டும் சேத்துட்டு மிச்சத்த விண்டோஸ்கிட்ட விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலைல தாலி கட்டுற சீன் நிக்காம ஓடுச்சு, அம்மா ரெண்டு தடவ போடச் சொன்னாங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை சாப்ட்டு முடிச்சதும் அப்பா கம்ப்யூட்டர ஆன் பண்ணி அப்படியே விட்டுட்டுப் படுத்துக்கறாரு, ஸ்லீப் போகாம செட்டிங்ஸ மாத்தி வச்சிட்டுதான் வந்தேன்.