குதிரையேற்றம் சொல்லித்தந்தவரின் சேணம்: எதைத் துடைப்பது, எதை விடுவது

குதிரைமேல் நம்மை முதலில் ஏற்றிவிட்டவர் போன பிறகு லாயத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் தோல் சாமான்தான். ஒரு சேணம், ஒரு கடிவாளம், தேய்ந்த லாடம் ஒன்றிரண்டு. சாக்கில் கட்டிப் பரணில் போட்டால் சில வருடங்களில் பூஞ்சை தின்றுவிடும். பளபளவென்று புதுசாக்கினால் அது அவருடைய சேணம் என்பதற்கான அடையாளமே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்து பார்த்த வேலையின் குறிப்பு இது. சேணம் ஆங்கில வகை: உள்ளே மரச் சட்டம், அடியில் கம்பளி திணித்த மெத்தை, மேலே தாவரச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல்.

முதல் நாள்: துணியைத் தொடவே இல்லை

முதல் வேலை புகைப்படம். மேல், கீழ், இரு பக்கம், ஒவ்வொரு கொக்கியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது வரை. ஒவ்வொரு வாருக்கும் நூலில் ஒரு காகிதச் சீட்டு. துடைத்த பிறகு போனது போனதுதான், திரும்பாது. அதனால் இந்த ஒரு மணி நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அங்கவடி, அதாவது ஏறும்போது கால் வைக்கும் வளையம், தொங்கும் வார்கள்தான் அதிகம் பேசுகின்றன. குதிரைமேல் ஏறுவது வழக்கமாக இடப்பக்கத்திலிருந்து. ஏறும் அந்த நொடியில் உடம்பின் எடை முழுக்க இடது வாரில் தொங்கும். வருடக்கணக்கில் அது நீண்டுவிடும். இரண்டு வாரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி அளந்தால் இடது வார் 1.5 செ.மீ. கூடுதல். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டு இதைச் சமன் செய்வதுதான் வழக்கம். இந்தச் சேணத்தில் அப்படி மாற்றவில்லை. வலது வாரில் ஐந்தாவது துளை இழுபட்டு முட்டை வடிவமாகி, கொக்கி உட்கார்ந்த இடத்தில் குறுக்கே பள்ளம் விழுந்திருக்கிறது. இடது வாரிலோ அதே துளைக்கு ஒரு விரல் தள்ளி, ஆணியால் குத்தியது போல ஓரம் பிசிறான ஓர் அரைத்துளை. நீண்ட வாரைச் சரிக்கட்டக் கையாலேயே போட்டுக்கொண்டது. கடையில் கொடுத்தால் முதலில் 'சரி' செய்து தருவது இதைத்தான். சீட்டில் 'தொடாதே' என்று எழுதிக் கட்டியாயிற்று.

ஏறவா, வைத்துப் பார்க்கவா

இதை முடிவு செய்ய வேண்டியது சட்டம். நம் ஆசைக்கு இதில் இடமில்லை. முன்மேட்டைத் தொடையில் அண்டக்கொடுத்து, பின்மேட்டை இரு கையால் பிடித்து நம் பக்கம் இழுக்க வேண்டும். எஃகு வில்பட்டை வைத்த சட்டமானால் நடுவில் கொஞ்சம் வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வரும்; அது சரி. இருக்கைத் தோலில் குறுக்கே ஆழமான மடிப்பு விழுந்தால், அல்லது 'கறுக்' என்று சத்தம் வந்தால் சட்டம் முறிந்திருக்கிறது. அடுத்து முன்வளைவின் இரு காலையும் பிடித்து உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். அங்கே மயிரிழை அசைவும் இருக்கக் கூடாது. இதில் வலது கால் அசைந்தது, மெல்லிய முனகலும் கேட்டது. முறிந்த சட்டத்தோடு ஏறினால் எடை பரவாமல் குதிரையின் முதுகெலும்புப் பக்கம் ஒரே இடத்தில் குத்தும். ஆக, இது இனி வைத்துப் பார்க்கும் சேணம்.

சட்டம் நன்றாக இருந்து யாராவது ஏறுவதாக இருந்தால், வயிற்றுவார் மாட்டும் பட்டைகள், அங்கவடி வார்கள், லகான் மூன்றையும் கட்டாயம் புதிதாக மாற்ற வேண்டும். பழையவை நினைவுக்கு, உயிரை அவற்றில் தொங்கவிடக் கூடாது. பட்டையைப் பின்புறமாக மடித்துப் பார்த்தால் விரிசல் தெரியும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: பூஞ்சையும் அழுக்கும்

பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக் கூடாது; வித்துகள் மற்றத் தோல் சாமானுக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே நிழலில், மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ள வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தொட்டுப் பிழிந்து ஒரே ஒரு தடவை துடைப்பு. முதலில் மடலின், அதாவது சேணத்தின் இரு பக்கமும் தொங்கும் அகலத் தோலின், அடிப்புறத்தில் சோதிப்பது நல்லது, சில சாயங்கள் ஆல்கஹாலில் கழன்று வரும். வெயிலிலோ ஹேர் டிரையர் சூட்டிலோ காயவைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் ஒரு முழு நாள்.

மடலின் உட்புறம் கருப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும் பிசுக்குக்கு ஆங்கில லாயங்களில் 'ஜாக்கி' என்று பெயர். வியர்வை, எண்ணெய், தூசி, உதிர்ந்த மயிர் எல்லாம் சேர்ந்து இறுகியது. கத்தியால் சுரண்டினால் தோலின் மேற்பரப்பும் கூடவே போய்விடும். பழைய லாயக்காரர்களின் வழி, வால்மயிர் ஒரு பிடியை உருண்டையாகச் சுருட்டி, லேசாக நனைத்துத் தேய்ப்பது. ஸ்டீல் கம்பளி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும்விட இதுதான் உதவியது. பொட்டுகளில் சிக்கியிருந்த குட்டையான செம்பழுப்பு மயிர்களை இடுக்கியால் எடுத்து, ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதியாயிற்று. அவர் கடைசியாக ஓட்டிய குதிரையின் மயிர் வேறெங்கும் கிடைக்கப் போவதில்லை.

சேணச் சோப்பில் செய்த தவறு, ஸ்பாஞ்சில் தண்ணீர் அதிகம் போனது. நுரை பொங்கினாலே தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம். இடது மடலில் ஒரு வட்டக் கறை விழுந்து, மடல் முழுவதையும் ஒரே சீராக ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் மங்கியது. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் அமிலத்தன்மை உள்ளது, சோப்போ காரம். அடிக்கடி போட்டாலும், போட்டதை வழித்தெடுக்காமல் விட்டாலும் தோலைக் கெடுக்கும். ஒரு முறை போதும்.

முழங்கால் உரசி மெருகேறிய இடத்தில் சோப்பே படவில்லை. உலர்ந்த துணியால் தூசி தட்டியதோடு சரி.

களிம்பும் துருவும்

பித்தளைக் கொக்கியின் ஓரத்தில் மெழுகு போலப் பச்சையாகக் கட்டியிருப்பது களிம்பு. தோலில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பைத் தின்பதால் வருகிறது. எண்ணெய் கூடக் கூட இதுவும் கூடும். பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு, பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். பித்தளை பாலிஷ் வேண்டாம், தையல் துளைகளில் வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் கொக்கிக்கு அடியில் பிளாஸ்டிக் தாளைச் செருகிக்கொள்ள வேண்டும்.

குதிரை வாயில் போகும் இரும்பை 0000 நம்பர் ஸ்டீல் கம்பளியில் தேய்த்து, தேன்மெழுகு தடவியாயிற்று. குழி விழுந்த இரும்பு வாயைக் கிழிக்கும், சுவருக்கு மட்டும். லாடத்தை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே சூட்டில் காயவைக்க வேண்டும். அலசுவதில் சோம்பினால் மறுநாளே ஆரஞ்சு நிறத் துரு பூக்கும். துளைகளில் மிஞ்சிய ஆணிகளைப் பிடுங்கவில்லை.

ஐந்தாம் நாள்: எண்ணெய், இங்கேதான் சறுக்கல்

நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. ஒரு மடலுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. கணக்கு. அடிப்புறத்தில் தடவினால் சீராக ஊறும். பிறகு 24 மணி நேரம் கைவைக்காமல் விட வேண்டும். வலது மடல் வறண்டே தெரிந்ததால் அதே நாளில் மூன்று தடவை போட்டதன் பலன் கீழே வருகிறது. ஆளிவிதை எண்ணெயை மட்டும் தொடவே கூடாது. அது காய்ந்து இறுகும் எண்ணெய், தோல் பலகையாகிவிடும்.

வயிற்றுவார்ப் பட்டை ஒன்றில் விரல் வைத்ததும் செங்கல் பொடி போல ஒட்டியது. பழைய தாவரப்பதத் தோலுக்கு வரும் நோய் இது. காற்றில் உள்ள கந்தகப் புகை தோலில் அமிலமாக மாறி நாரை அரிப்பதால் வருவது. இதற்குத் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. ஈரம் பட்டால் கருத்துக் கட்டியாகும். ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் பொடியை ஆல்கஹாலில் 2 சதவீதம் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினால் பொடி உதிர்வது நிற்கும். போன வலு திரும்பாது.

தையல்

மடலின் மேல் ஓரத்தில் 9 செ.மீ. பிரிந்திருந்தது. பழைய துளைகளிலேயே, மெழுகிட்ட லினன் நூலில், இரண்டு ஊசித் தையல். நூலின் நீளம் தையலைப் போல நான்கு மடங்கு, ஊசியில் கோக்க 20 செ.மீ. கூடுதல். ஒவ்வொரு துளையிலும் இரு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் போடும் தையலில் அந்தப் பிடிமானம் கிடையாது. புதுத் துளை போட்டால் ஓரம் தபால்தலை போலக் கிழியும், ஆகவே தமரூசியைப் பழைய துளையைத் திறக்க மட்டும் பயன்படுத்தினோம்.

வார் நுனி செருகும் வளையம் ஒன்றில் கோணல்மாணலாகக் கருப்பு நூலில் நாலு தையல். அவர் கைவேலை. அழகில்லை, ஆனால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டாயிற்று.

வால்மயிர்ப் பின்னல்

நினைவுக்கு ஒரு பின்னலும் வேண்டுமென்றால், குதிரை இன்னும் இருந்தால் வாலின் அடிப்பக்கத்திலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றை போதும், வெளியே தெரியாது. வெட்டும் முன்பே இரண்டு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ரப்பர் பேண்ட் நாளடைவில் உருகி ஒட்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசி, ஈரமாக இருக்கும்போதே பின்னினால் மயிர் துள்ளாது. நாலு புரி, புரிக்கு 25 மயிர் என்றால் சுமார் 2.5 மி.மீ. தடிமனில் உருண்டைப் பின்னல் வரும். மயிர் நுனிப்பக்கம் மெலிவதால் பின்னலும் மெலியும். கடைசிக் கால் பகுதியைச் சேர்க்காமல் விடலாம். முனையை உலோகக் குப்பியில் எபாக்ஸி பசை வைத்து அடைக்க வேண்டும், பசை ஏறாத மயிர் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். அந்துப்பூச்சிக்கு மயிரும் கம்பளியும் விருந்து. பின்னலைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்க வேண்டும்.

வைக்கும் இடம்

சேணத்தை ஆணியில் தொங்கவிடக் கூடாது. முதுகு போல வளைந்த தாங்கியில், பருத்தித் துணி விரித்து உட்காரவைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து மறுபடி பூஞ்சையைக் கூப்பிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெயில் படும் சுவர் வேண்டாம். கடிவாளத்தின் தலைவாரை 10 செ.மீ. விட்டமுள்ள உருளையில் மாட்டினோம். ஆணியில் மாட்டினால் அந்த ஒரு புள்ளியில் மடிந்து வெடிக்கும்.

அங்கவடியை மேலே ஏற்றி வைப்பதா, தொங்கவிடுவதா என்று ஒரு விவாதம். 1963-ல் கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் பிளாக் ஜாக் என்ற குதிரை ஆளில்லாத சேணத்தோடு, அங்கவடியில் பூட்ஸ் பின்னோக்கி மாட்டப்பட்டு நடந்தது. வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகப்படி. குதிரையிலிருந்து இறங்கியதும் அங்கவடியை வாரோடு மேலே ஏற்றிவிடுவது லாயப் பழக்கம், ஆனால் ஏற்றிவைத்தால் அரைத்துளை மறைந்துவிடும். தொங்கவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து

வலது மடலில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சைதானோ என்று பார்க்க, ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் இளஞ்சூடு காட்ட, வெள்ளை உருகி மறைந்தது. அப்படியானால் கொழுப்பு, அதே நாளில் மூன்று தடவை போட்ட எண்ணெய் வெளியே வருகிறது. பூஞ்சையாக இருந்தால் சூட்டுக்கு அசையாது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாயிற்று. இடது மடலில் ஒன்றுமில்லை. வார்களை மறுபடி அளந்தோம்: வலது ஐந்தாவது துளையிலும் இடது அரைத்துளையிலும் மாட்டினால் இரண்டு அங்கவடியும் இன்னும் ஒரே உயரத்தில் நிற்கின்றன.