அடுத்தடுத்து இரண்டு தட்டுகள்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எங்கள் காலை, இன்குபேட்டரை (கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியை) திறப்பதில் தொடங்கும். முதல் நாள் சிறுநீர் தடவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நாள் அடுத்தடுத்துக் கைக்கு வந்த இரண்டு தட்டுகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. கிருமி வளர்வதற்காகத் தட்டில் ஊற்றியிருக்கும் நீலப்பச்சை ஊடகம் இரண்டிலும் மஞ்சளாகிவிட்டிருந்தது. மேலே மஞ்சள் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) நெருக்கியடித்து முளைத்திருந்தன. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. சிறுநீரைத் தொட்டெடுக்கும் வளையமான எங்கள் லூப் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். நூறு காலனி இருந்தால் மில்லிக்கு 1,00,000 பாக்டீரியா என்று கணக்கு. இரண்டுமே அதைத் தாண்டியிருந்தன.

ஒன்று 14 வாரக் கர்ப்பிணியுடையது. மற்றது பல வருடமாகச் சுகர் இருக்கும் ஒரு அம்மாவுடையது. இருவருக்கும் எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியலையும் சேர்த்து, இருவருக்கும் ஒரே மாதிரி ரிப்போர்ட் அனுப்பினேன்.

கர்ப்பிணிப் பெண் மறுநாள் கவுண்டருக்கு வந்துவிட்டார். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே மேடம், எதுக்கு மாத்திரை? குழந்தைக்கு ஆகாதே?" நியாயமான பயம். உட்காரவைத்துச் சொன்னேன். கர்ப்பத்தில் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கருப்பையும் அவற்றை அழுத்தும், வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக. சிறுநீர் தேங்கும், கீழே சும்மா கிடந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேரிடம் இப்படிச் சத்தமில்லாமல் கிருமி இருக்கும். கவனிக்காமல் விட்டால் அவர்களில் நூற்றுக்கு 20, 30 பேர் வரை சிறுநீரகத் தொற்றில் போய் விழலாம். குளிர் நடுக்கத்தோடு வார்டில் சேர்ந்து, குறைப்பிரசவ பயத்தோடு படுத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே, இப்படித் தட்டில் வளர்த்துப் பார்க்கும் ஒரு கல்ச்சர். மருத்துவர் அவருக்கு எழுதியிருந்த செஃபலெக்சின் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துதான். சில நாள் சாப்பிட்டார். அப்புறம் வந்த தட்டில் ஒன்றுமே வளரவில்லை.

சுகர் அம்மாவின் கதை அப்படிப் போகவில்லை. அவரும் மாத்திரை சாப்பிட்டார். அடுத்த மாதம் சாம்பிள் வந்தது, மறுபடி ஈ.கோலை, மறுபடி என் பட்டியல், வேறொரு மாத்திரை. நான்காவது முறை, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி தட்டை எடுத்தபோது மருந்து வில்லைகளைச் சுற்றி இருக்க வேண்டிய தெளிந்த வளையங்களில் பாதிக்கு மேல் காணோம். கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டி வளர்ந்திருந்தது. அந்த அம்மாவுக்கு அன்றும் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

சீனியர் மேடமிடம் தட்டைக் காட்டினேன். "டெஸ்ட் சரியாத்தான் செஞ்சிருக்கே. யாரோட யூரின்னு பார்த்தியா?" என்று கேட்டார். பிறகு கனடாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வைச் சொன்னார். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்த 105 நீரிழிவுப் பெண்கள். ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக். மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரை. மூன்று வருடம் வரை கவனித்ததில், அறிகுறியோடு தொற்று வந்தவர்கள் மருந்து சாப்பிட்ட பிரிவில் 42 சதவீதம், மற்றதில் 40. மருந்து சாப்பிட்ட நாட்கள்தான் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சுகர் இருப்பவருக்கு அறிகுறி இல்லையென்றால் கல்ச்சரும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரிந்தாலும் அப்படியே. காய்ச்சல், விலா வலி, எரிச்சல் வந்தால் வேறு. சுகரோடு கர்ப்பமாகவும் இருந்தால், அவர் கர்ப்பிணி, சிகிச்சை வேண்டும்.

அன்றிலிருந்து படிவத்தில் நோய் விவரம் காலியாக இருந்தால் வார்டுக்குப் போன் செய்துவிடுவேன். கர்ப்பிணியா? தொந்தரவு ஏதாவது உண்டா? எத்தனை மணிக்குப் பிடித்த சிறுநீர்? (தோதான சூட்டில் ஈ.கோலை இருபது நிமிடத்திலேயே இரட்டிக்கும். மேசையில் மணிக்கணக்கில் கிடந்த சாம்பிள் இல்லாத லட்சத்தைக் காட்டும்.) வேலை நேரத்தில் இந்தக் கேள்விகள் எரிச்சலூட்டும் என்று தெரியும். கேட்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. மேடம் பேசி, படிவத்திலேயே இரண்டு கட்டங்கள் சேர்க்க வைத்தார். அறிகுறி இல்லாத சுகர்காரர்களின் மருந்துப் பட்டியலை மருத்துவர் கேட்டால் மட்டும் தருகிறோம்.

ஆறேழு மாதம் கழித்து அந்த அம்மா ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தடவை யூரின் டப்பா தரலையேம்மா?"

"இப்ப தேவையில்லைம்மா. எரிச்சலோ காய்ச்சலோ வந்தா மட்டும் உடனே டாக்டர்கிட்ட வாங்க."

"அப்ப மாத்திரையும் கிடையாதா?" என்றார். இல்லை என்றதும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுக்கும் வரிசையில் போய் நின்றார்.