வைக்கோல் நிறத்து ஊர்: ஜோகன்னஸ்பர்க் நாட்குறிப்பு

ஜூன் 28, சனி

இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தேன். இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால் தரை முழுக்க வைக்கோல் நிறம். நடுநடுவே கருகிய திட்டுகள். அறுவடை முடிந்து தாளைக் கொளுத்திவிட்டார்கள் போல என்று நினைத்தேன். காரில் வரும்போது மாப்பிள்ளைதான் விளக்கினார். இங்கே இப்போது குளிர்காலம், மழை கோடையில்தான். மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை சொட்டு விழுந்தால் அதிசயம். புல்லெல்லாம் காய்ந்து நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் சாலையோரத்தை அவர்களே முன்கூட்டிக் கொளுத்திவிடுகிறார்களாம்.

"இரண்டாவது ரோபோவில் இடது பக்கம்" என்று மகள் போனில் வழி சொன்னாள். சாலையில் ரோபோவைத் தேடினேன். சிக்னல் விளக்குக்குத்தான் இந்த ஊரில் அந்தப் பெயர்.

ஜூன் 29, ஞாயிறு

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். ஏற்காட்டை விட உயரம், கொடைக்கானலை விடக் கொஞ்சம் தாழ்வு. குளிரும் என்று தெரிந்துதான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் கொண்டுவந்தேன். வீட்டுக்குள் இப்படிக் குளிரும் என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரி 2 டிகிரி. வீட்டைச் சூடாக்க ஒரு ஏற்பாடும் இல்லை, நகர்த்தி வைக்கிற கேஸ் ஹீட்டர் ஒன்றைத் தவிர. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடக்கிறது. படுக்கையில் மின்சாரப் போர்வை போட்டிருந்தாள். கரண்டின் மேல் படுப்பதா என்று அணைத்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு நானே மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஆறரைக்கெல்லாம் ஏதோ ஒரு பறவை கூரைமேல் நின்று அலறியது. ஹடீடாவாம். அரிவாள்மூக்கன் வகை. பெயரே அதன் கத்தல்தான். அலாரத்துக்கு வேலையில்லை.

ஜூலை 2, புதன்

"அப்பா, உள்ளே உட்கார்ந்து ஏன் நடுங்குறீங்க? வெயில்ல போய் உட்காருங்க." சரி என்று நாற்காலியை வெளியே போட்டேன். வானத்தில் மேகம் என்று ஒரு கீற்று இல்லை. பதினெட்டு டிகிரி, நம் ஊர் தை மாதக் காலைவெயில் மாதிரி இதமாக இருக்கிறது. நடுப்பகலில்தான் திசை குழம்பியது. சூரியன் வடக்கே நிற்கிறது! வடக்கு பார்த்த வீட்டுக்கு இங்கே வாடகை கூடுதலாம். நம்மூர் வாஸ்துக்காரர் வந்தால் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

வேட்டி ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. மார்கழியில் மாயவரத்தில் மூன்று நாள் காயாமல் வாடை அடிக்குமே, அதை நினைத்துக்கொண்டேன். குளிர் என்றால் ஈரம் என்றே ஐம்பத்தெட்டு வருஷமாகப் பழகியவனுக்கு இந்த உலர்ந்த குளிர் பிடிபடவில்லை. உதடு வெடித்துவிட்டது. கதவுக் குமிழைத் தொட்டால் சுள்ளென்று ஷாக். இட்லி மாவு இரண்டு நாளாகப் பொங்கவில்லை.

ஜூலை 5, சனி

காவிரிக் கரைக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் கேட்பதைக் கேட்டேன்: ஆறு எங்கே? மாப்பிள்ளை சிரித்தார். "பெரிய ஆறே இல்லை மாமா." 1886ல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர். தண்ணீரைப் பார்த்து யாரும் இடம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ஊர் உட்கார்ந்திருக்கும் மலைமுகடே ஒரு நீர்ப்பிரிமேடு. வடக்கே விழும் மழை ஜூக்ஸ்கே என்ற சிற்றாறு வழியாகப் போய் லிம்போபோவில் சேர்ந்து இந்தியப் பெருங்கடலுக்கு. தெற்கே விழுவது வால், ஆரஞ்சு ஆறுகள் வழியாக அட்லாண்டிக்குக்கு. குழாயில் வருவதோ வால் ஆற்றுத் தண்ணீர். அதற்குத் துணையாகப் பக்கத்து நாடான லெசோத்தோவின் மலைகளில் அணை கட்டி, சுரங்கம் குடைந்து கொண்டுவருகிறார்கள்.

தெற்குப் பக்கம் மஞ்சள் குன்றுகள் தெரிந்தன. மலையல்ல, தங்கம் எடுத்தபின் கொட்டிய சக்கை. காற்று கிளம்பினால் அந்தத் தூள் பக்கத்துக் குடியிருப்புகளின் மேல்தான் விழுகிறது.

ராத்திரி வீட்டுக்காரி போன் செய்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

ஜூலை 12, சனி

பிராம்ஃபொன்டைன் இடுகாடு. வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இடம். இலையுதிர்ந்த மரங்கள், காய்ந்த புல், காலடியில் நொறுங்கும் சருகு. தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் முதல் பகுதிக்கு மூலமான பாட்டை எழுதிய ஈனோக் சொன்டோங்காவும் இங்கேதான் கிடக்கிறார்.

தில்லையாடி எங்களுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். வள்ளியம்மை மண்டபத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பிறந்தது இந்த ஜோகன்னஸ்பர்க்கில். 1913ல் காந்தியின் சத்தியாகிரகத்தில் அம்மாவோடு எல்லை தாண்டிப் போராடி, நேட்டால் மாகாணத்தில் சிறை, காய்ச்சல். வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22ல் போய்விட்டாள். பதினாறு வயது.

அவள் கல்லறைக்காகத்தான் போனேன். ஆனால் மனசில் ஒட்டிக்கொண்டது நாகப்பன். இவன் பெயரை நான் சரியாகக் கேட்டதே இல்லை. பதினெட்டு வயசு. அதே சத்தியாகிரகத்தில் சேர்ந்ததற்காக 1909 ஜூனில் பத்து நாள் கடுங்காவல். ஜூக்ஸ்கே பக்கத்துச் சாலைப்பணி முகாமுக்கு நடத்தியே கூட்டிப்போயிருக்கிறார்கள். இதே ஜூன் குளிர். போதுமான கம்பளி கிடையாது. நிமோனியாவோடு ஜூன் 30ல் வெளியே வந்தவன் ஜூலை 6ல் செத்துப்போனான். 1914 ஜூலையில், நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, காந்தி இருவருக்கும் நினைவுக்கல் திறந்துவைத்தார்.

போன ஞாயிறுதான் ஜூலை 6. அன்றைக்கு நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் கல்லின் மேலிருந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டார். நான் கொண்டுபோன பூவை வைத்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

ஜூலை 13, ஞாயிறு

மாவுப் பாத்திரத்துக்கு என் ஸ்வெட்டரைச் சுற்றி, மூடிக்குக் குரங்குக் குல்லாவை மாட்டி, ராத்திரி ஹீட்டர் இருக்கும் அறையில் வைத்தாள் மகள். காலையில் பொங்கி வழிந்திருக்கிறது. ஸ்வெட்டர் முழுக்க மாவு. துவைத்துப் போட்டிருக்கிறேன், மதியத்துக்குள் காய்ந்துவிடும்.